பதிவறை முதல் சர்வர் அறை வரை



போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். நம்மூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. வழக்கமாக வந்தால் காபி குடித்துவிட்டு, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அன்று காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, உங்க ஆபீஸ்ல பழைய காகிதத்தை எல்லாம் எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?"

"எந்தக் காகிதம்ப்பா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கு."

"அந்தக் கணக்கை யாரு போடுவாங்க?"

"கோப்பை முடிக்கிற குமாஸ்தாதான்."

"அவரு தப்பாப் போட்டுட்டா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அந்தக் கேள்வி எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவன் பிரச்சினை.

அவன் தொழிற்சாலையில் உற்பத்திக் கணக்கு, சரக்கு அனுப்பும் பில், இருப்பு எல்லாமே ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. அது நின்றால் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிடும். அதனால் ஒரு சர்வரை நம்பாமல் இரண்டை ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். இதற்குக் கிளஸ்டர் என்று பெயர். ஒன்று வேலை பார்க்கும், மற்றது பக்கத்தில் விழித்துக்கொண்டு நிற்கும். இரண்டும் விநாடிக்கு ஒரு முறை 'இருக்கியா?', 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துக்கொள்ளும். தொடர்ந்து சில தடவை பதில் வராவிட்டால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். தாசில்தார் விடுப்பில் போனால் துணை தாசில்தார் பொறுப்பு பார்ப்பதுபோல.

இது போதாதென்று, டேட்டாபேஸின் உடல்நிலையையும் தனியே குறித்துக்கொண்டே வருவார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு உண்டாம். சாதாரணமாகப் பத்து விநாடிக்கு ஒரு தடவை. நினைவகம் எப்படி, டிஸ்க் எப்படி, கேட்ட கேள்விக்குப் பதில் போகிறதா என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டில் மாட்டிய அட்டையில் எழுதுவதுபோல எழுதி வைக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளொன்றுக்கு 8,640 குறிப்புகள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் இடம் எங்கே போவது? அதனால் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பு 100 மெகாபைட் வரை வளரலாம். அப்படிப் பத்துக் கோப்புகள். பதினொன்றாவது தேவைப்பட்டால் பழையது ஒன்று போய்விடும். இந்த இரண்டு எண்ணையும் ஒரே ஒரு கட்டளையில் மாற்றிவிடலாம், சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம்.

அவன் அதைத்தான் மாற்றியிருந்தான். சில மாதங்களுக்கு முன் டிஸ்க் நிறைந்துபோய் எச்சரிக்கை வந்திருக்கிறது. புது டிஸ்க் கேட்டு எழுதினால் வர நாளாகும். அவசரத்துக்கு 100 என்பதை 10 ஆக்கிவிட்டான். ஆயிரம் மெகாபைட் நூறாகச் சுருங்கியது. பிறகு மறந்தும் போய்விட்டான்.

ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் டேட்டாபேஸ் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. நிலைகொள்ளாமல் திரும்பத் தாவியது. பணியில் இருந்தவர்கள் பயந்துபோய் நிறுத்தி நிறுத்தித் தொடங்கியிருக்கிறார்கள், ஏழு தடவை. பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து விசாரணை. அன்று சர்வர் அறைக்குள் போய்வந்த ஒப்பந்தப் பையன் ஒருவன் மேல் பழி விழுந்தது. 'இவன்தான் எதையோ அணைத்துவிட்டான்' என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். சூளகிரிப் பக்கத்துக் கிராமத்துப் பையன். வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான்.

"லாகைப் பாத்தா தெரிஞ்சிடும்னு போனேன் மாமா. அந்த ராத்திரி லாகே இல்ல. நான் சின்னதாக்கினதுல அடிபட்டுப் போச்சு. இன்னொரு லாக் இருக்கு. அது ஆறு பழைய பிரதிதான் வச்சிருக்கும், ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் புதுசு ஆரம்பிக்கும். ஏழு தடவை ஸ்டார்ட் பண்ணதுல அதுவும் போச்சு."

பத்து நாள் முன்பு நடந்ததைக் காட்டும் காகிதம் இல்லை. நம்மூர்க்காரர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். பட்டா கைக்கு வராமல் அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எதை வைப்பது, எதை அழிப்பது என்ற இந்தக் கேள்வி சர்வருக்கு முன்பே நம் மண்ணில் இருந்த கேள்விதான். கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த சீமைகளில் நம் பாராமகாலும் ஒன்று. (ஓசூர்ப் பக்கம் கம்பெனியிடம் போனது 1799-க்குப் பிறகு.) இதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்கள் தாமஸ் மன்றோ, மெக்ளியாட், கிரஹாம். இவர்களும் ராணுவத்து ஆட்கள்தான். நிலத்தை அளந்தார்கள், வயல் வயலாகத் தீர்வை போட்டார்கள், எல்லாவற்றையும் எழுதினார்கள். என்ன பயிர், என்ன விலை, எந்தச் சாதியார் என்ன தொழில், எந்த வரியை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்தது இந்தக் கடிதங்களுக்கு நடுவில்தான். நூறாண்டுக்கும் மேல் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை அரசாங்கம் இவற்றைப் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று பகுதி பகுதியாக அச்சிட்டது. இன்று நம் பகுதியின் பழைய நிலைமை பற்றி யார் எழுதினாலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் வரலாற்றுக்காக எழுதவில்லை. அன்றைய வேலைக்காக எழுதினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு லாக். தீர்வைக் கணக்கு மட்டும் மிஞ்சியிருந்தால் எவ்வளவு வசூல் என்று தெரிந்திருக்கும். ஏன் அவ்வளவு என்பது தெரிந்திருக்காது. கணக்கு வேறு, கணக்கு எப்படி வந்தது என்ற குறிப்பு வேறு. டேட்டாபேஸ் முதலாவது, லாக் இரண்டாவது. அழிக்கும்போது இரண்டாவதைத்தான் முதலில் அழிப்பார்கள்.

எல்லாக் காகிதத்துக்கும் பாராமகால் கடிதங்களின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1858-ல் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த சமயத்தில், லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் குவிந்திருந்த பழைய காகிதங்களை டன் டன்னாகக் காகித ஆலைக்குப் பழைய பேப்பர் விலைக்குப் போட்டார்கள். இடம் போதவில்லை, அவ்வளவுதான். என் மாப்பிள்ளைக்கு டிஸ்க் நிறைந்த அதே கதை.

சென்னையில் 1805-லேயே கவர்னர் வில்லியம் பெண்டிங்க் காலத்தில் தலைமைச் செயலகக் காகிதங்களை ஓரிடத்தில் சேர்க்க ஏற்பாடு நடந்தது. 1909-ல் எழும்பூரில் அந்தச் சிவப்புக் கட்டடம் எழுந்தது. அதுதான் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1917-ல் ஆவண அழிப்புச் சட்டம் வந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நினைத்தபோது நினைத்ததை அழிக்காமல், விதி எழுதி வைத்து அதன்படி அழிக்க வேண்டும் என்பதற்கான சட்டம் அது. அழிப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று புரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆனது.

அந்த எழும்பூர் அலுவலகத்தின் முதல் காப்பாளர்களில் ஒருவர் ஹென்றி டாட்வெல். இந்தப் பெயர் எனக்கு வேறொரு வழியில் அறிமுகம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள் அல்லவா? முதல் மூன்றும் பிரைஸ், ரங்காச்சாரி பெயரில் இருக்கும், நான்காவதிலிருந்து டாட்வெல். துபாஷியாக இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, துய்ப்ளே என்ன சொன்னார், அவர் மனைவி என்ன சொன்னார், வாசலில் யார் காத்திருந்தார் என்று எல்லாமும் உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் அதிகாரபூர்வக் காகிதங்கள் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதைச் சொல்லும். அந்த முடிவுக்கு முந்தின இரவு யார் யாரிடம் போனார்கள் என்பதைப் பிள்ளைதான் சொல்வார். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்த நோட்டுகள் தப்பின. 1846-ல் கல்லுவா மோம்ப்ரன் கண்ணில் பட்டுப் பிரதி எடுக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்தன. நடுநடுவே சில காலம் கிடைக்கவே இல்லை. படிப்பவர்கள் அந்த இடைவெளி வரும்போது எவ்வளவு தவிப்பார்கள் தெரியுமா!

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர். அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான கிருஷ்ணகிரிக்கு வந்தோம். பிறகு தேர்வாணையத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனேன். பிரெஞ்சு படித்தவன் தமிழில் குறிப்பு எழுதத் திணறியதும், கண்காணிப்பாளர் சிவப்பு மையில் என் வரிகளைக் குளிப்பாட்டியதும் தனிக் கதை.

பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சியை மனப்பாடமாகப் படித்தோம். அதில் ஒரு விஷயத்தை இப்போதுதான் அசை போடுகிறேன். 1793 ஜூலையில் நிலப்பிரபுக்களின் உரிமைப் பத்திரங்களை எரிக்கச் சட்டம் போட்டார்கள். ஊர் ஊராக எரித்தார்கள். அடுத்த ஆண்டே, 1794 ஜூனில், இன்னொரு சட்டம். நாட்டின் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தின்கீழ் ஒழுங்குபடுத்த வேண்டும், எந்தக் குடிமகனும் வந்து பார்க்கலாம், எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று பிரித்தெடுக்க வேண்டும் என்று. இந்தப் பிரித்தெடுத்தலுக்கு அவர்கள் சொல் 'த்ரி'. அரிசியில் கல் பொறுக்குவதுபோல. எரித்த கைதான் பொறுக்கவும் உட்கார்ந்தது.

பிரெஞ்சுக்காரர்களிடம் இன்னொரு நல்ல பழக்கம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை 'எத்தா சிவில்' என்பார்கள். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் வீட்டுச் சொல். பதிவேட்டை இரண்டு படியாக எழுதுவார்கள். குடியேற்ற நாடுகள் என்றால் மூன்றாவது படி ஒன்று கப்பலேறி பிரான்சுக்குப் போக வேண்டும். இது 1776-ஆம் ஆண்டு அரச ஆணை. வெப்பம், கறையான், புயல், போர் எல்லாம் அங்கே உண்டு என்று தெரிந்து போட்ட ஆணை. அந்தப் படிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் எத்தனையோ குடும்பங்கள் தாத்தா பெயரைத் தேடி மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, நடந்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி எழுத்தில் ஒரு குடும்பத்தின் தேசம் தொங்கியது.

கிளஸ்டர் என்று இரண்டு சர்வர் வைப்பதும் இந்த யோசனைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இரண்டு படி வைப்பது கறையானுக்கும் நெருப்புக்கும்தான் மருந்து. 'இவ்வளவுதான் வைப்பேன்' என்று நாமே போடும் வரம்புக்கு அது மருந்தல்ல. என் மாப்பிள்ளையின் லாகைக் கறையான் அரிக்கவில்லை. அவன் சொன்னபடி மெஷின் அழித்தது.

இந்த ஆபத்துக்குச் சமீபத்திய உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்குப் போனார்கள். 1948-ல் வந்த கப்பலின் பெயரால் அவர்களை விண்ட்ரஷ் தலைமுறை என்பார்கள். கரையிறங்கியபோது நிரப்பிய அட்டைகள் உள்துறை அலுவலகத்தில் இருந்தன. 2010-ல் அந்த அட்டைகளை அழித்துவிட்டார்கள். பிறகு குடியேற்றச் சட்டங்கள் கடுமையாகி, 'நீ எப்போது வந்தாய்? நிரூபி' என்று கேட்டபோது, ஐம்பது ஆண்டு அங்கேயே உழைத்துக் கிழவரானவர்களிடம் காட்ட எதுவும் இல்லை. சிலருக்கு வேலை போனது, சிலருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். 2018-ல் இது வெடித்து உள்துறை அமைச்சரே பதவி விலக நேர்ந்தது. பழைய அட்டை என்ன பெரிய விஷயம் என்று நினைத்த ஒரு குமாஸ்தா அங்கேயும் இருந்திருப்பார்.

இப்போது நான் தப்ப முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன்.

வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மனு வந்தால் தன் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுப்போம். குறிப்பு எழுதி, ஆணை வாங்கி, பதில் அனுப்பியதும் கோப்பின்மேல் ஒரு முடிவுக் குறி போட வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. நிரந்தரம். பழைய ஆட்கள் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். அந்தக் குறியோடு கட்டு பதிவறைக்குப் போகும். கெடு முடிந்ததும் பட்டியல் போட்டு, அனுமதி வாங்கி, கிழித்துப்போடுவோம். ஓ.மு. போட்டால் வேலை சுலபம். ப.மு., நி.மு. என்றால் தாள் எண் போட்டு, தைத்து, அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவறை எழுத்தர் ஆயிரம் குறை சொல்லித் திருப்புவார்.

எண்பதுகளின் நடுவில், நான் ஒரு வட்ட அலுவலகத்தில் உதவியாளர். 1980-ல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்து, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்த காலம். மனுக்கள் மலையாகக் குவியும். மாதக் கடைசியில் நிலுவை எத்தனை என்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் நல்ல பெயர்.

ஒரு விதவை அம்மாள் மனு கொடுத்திருந்தார். கணவர் அனுபவித்த புஞ்சை நிலத்தில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி. வருவாய் ஆய்வாளர் ஊருக்குப் போய் விசாரித்து, பெரியவர்கள் நான்கு பேரிடம் வாக்குமூலம் வாங்கி அனுப்பினார். 'இந்த நிலம் இவர் புருஷன் உழுததுதான், நாங்கள் அறிவோம்' என்று கைநாட்டோடு. ஏதோ ஒரு குறை சொல்லி, உரிய ஆவணத்தோடு மறுபடி மனு செய்யும்படி பதில் போனது. கோப்பு முடிந்தது. விசாரணை நடந்த கோப்பு, வாக்குமூலம் இருக்கிற கோப்பு. குறைந்தது ப.மு. போட்டிருக்க வேண்டும். நான் ஓ.மு. போட்டேன். அன்று இருபது கோப்பை அப்படித்தான் முடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் வந்தார். கொழுந்தன் நிலத்தில் ஏர் பூட்டிவிட்டான். வாக்குமூலம் கொடுத்த நால்வரில் இருவர் இறந்துவிட்டார்கள், மற்ற இருவர் கொழுந்தன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 'அப்போ எழுதினாங்களே, அந்தக் காகிதத்தை மட்டும் குடுங்க சாமி' என்றார். பதிவறையில் போய்ப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே தெரியும். அழிப்புப் பட்டியலில் அந்த எண் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது.

'விதிப்படி அழிச்சாச்சும்மா' என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பஸ் காசை எண்ணிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சில மாதத்தில் எனக்கு மாறுதல். அவர் நிலம் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயம்.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்று மாலை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

"நான் என்ன பண்ணணும் மாமா?"

"எண்ணை மாத்தினது நீதான்னு முதல்ல போய்ச் சொல்லு. லாக் இல்லாதது அந்தப் பையன் குத்தத்துக்குச் சாட்சி ஆகாது. அது உன் குத்தத்துக்குத்தான் சாட்சி. அதைச் சொல்லிட்டு, வேற எங்க எழுதியிருக்கும்னு தேடு. ஒரு காகிதம் போனா இன்னொரு ஆபீஸ்ல நகல் இருக்கும். நாங்க அப்படித்தான் தேடுவோம்."

மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டான். மெமோ கிடைத்தது. பிறகு தேடினான். டேட்டாபேஸின் குறிப்புகள் பொதுவான டிஸ்கில் இருந்தவை, அவை போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு சர்வரும் கிளஸ்டர் பற்றித் தனக்கென்று ஒரு லாக் தன் சொந்த டிஸ்கில் எழுதும். இரண்டாவது சர்வரில் அது பத்திரமாக இருந்தது. முதலில் பார்த்தபோது அதிலும் இரவு 9 மணிக்கு ஒன்றுமே இல்லை. மனசு விட்டுப்போயிற்றாம். பிறகுதான் உறைத்தது, அது கிரீன்விச் நேரத்தில் எழுதும் லாக். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 15:42 என்று எழுதியிருந்ததைக் கூட்டினால் இரவு 9:12.

அந்த இடத்தில், அடுத்த சர்வரின் குரல் வரிசையாகக் கேட்கவில்லை, அதனால் அதை விலக்கிவிட்டுப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்று இருந்தது. முதல் சர்வரின் விண்டோஸ் பதிவைப் பார்த்தால், அது அந்த நேரத்தில் அணையவே இல்லை. ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நடுவில் இருந்த நெட்வொர்க் தொடர்புதான் விட்டுவிட்டு அறுந்திருக்கிறது. பழைய ஸ்விட்ச் பெட்டி ஒன்றை மாற்றினார்கள். அதன்பின் தாவல் இல்லை. யாரும் கை வைத்து சர்வரை அணைக்கவில்லை என்பதற்கு அது போதுமானதாக இருந்தது. பையன் வேலைக்குத் திரும்பினான்.

மாப்பிள்ளை இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறான். நான் சொன்னதையும் அவன் கற்றதையும் சேர்த்து எழுதியிருக்கிறான். உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இந்த வேலையில் இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் பதிவறையில் வரம்பு காலத்தால் ஆனது. கட்டு பெரிதோ சிறிதோ, மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். மெஷினில் வரம்பு அளவால் ஆனது. ஒன்றும் நடக்காத நாட்களில் லாக் மெதுவாக நிறையும், மாதக்கணக்கில் பின்னால் போய்ப் பார்க்கலாம். சிக்கல் வந்த நாளில் தவறு தவறாக எழுதித் தள்ளி, மளமளவென்று நிறைந்து, பழையதை விழுங்கும். என்றைக்கு நமக்குத் தேவையோ அன்றைக்குத்தான் அது குறைவாக ஞாபகம் வைத்திருக்கும். அதனால் 'எத்தனை மெகாபைட்' என்று ஆரம்பிக்கக் கூடாது. 'எத்தனை நாள் வேண்டும்' என்று ஆரம்பித்து, மோசமான நாளில் எவ்வளவு எழுதுகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற எண்ணைப் போட வேண்டும். ஆறு பழைய பிரதி வைக்கும் அந்த இன்னொரு லாகையும் 99 வரை கூட்டலாமாம்.

நாள் எத்தனை என்பதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாட்கள் பாதுகாப்பாக, இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். சர்வரில் இடம் இல்லையென்றால் அன்றாடம் வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட வேண்டும். பிரெஞ்சுக்காரனின் மூன்றாவது படி கப்பலேறியதுபோல.

இன்னொன்று, எங்கள் அலுவலகத்தில் எழுதாமலே தெரிந்த விதி: வழக்கு நடக்கிற கோப்பைக் கெடு முடிந்தாலும் தொடக்கூடாது. மெஷினுக்கு வழக்கு நடப்பது தெரியாது. ஆகவே கோளாறு வந்தால் முதலில் லாகை நகல் எடுத்துத் தனியே வை, பிறகு நிறுத்து, தொடங்கு, என்ன வேண்டுமானாலும் செய். நெருப்பை அணைக்கும் அவசரத்தில் அது எப்படிப் பிடித்தது என்பதைக் கழுவிவிடாதே.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. அப்படி வைத்தால் தேடவே முடியாது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965-ல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல். அந்த இரண்டாவது பிரிவினையின்போது லாரி லாரியாகக் கட்டுகள் வந்திறங்கியதையும், எது எங்கே என்று தெரியாமல் ஆறு மாதம் முழித்ததையும் அனுபவித்தவன் நான். அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அழிக்கிற எண்ணைப் போடும்போது, இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆள் படியேறி வருவான் என்று நினைத்துப் போட வேண்டும். அவன் யார், எதற்கு வருவான் என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. ஆனால் வருவான்.

போன வாரம் அந்தப் பையன் மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்தான், அவன் மாமனார் தோட்டத்துக் காய்ப்பாம். 'எதுக்குப்பா இதெல்லாம்' என்றேன். அவன் சிரித்தான். அவன் போன பிறகு ஒரு பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தாள் மனைவி. சாப்பிட உட்கார்ந்தபோது, முந்தானையில் காசை எண்ணிக்கொண்டு படியிறங்கிப் போன அந்த அம்மாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மனைவியிடமும் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன்.